யானைக்கு முன் ஒன்பது வட்டிலாப்பம்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குப் பண்டிகை என்பது மற்றவர்கள் கொண்டாடுவதால் தனக்குக் கிடைக்கும் விடுமுறை. நாகர்கோவிலிலிருந்து இலங்கையின் கல்முனைக்கு, செயற்கைக் கால் பொருத்தும் நிலையம் ஒன்றில் பயிற்சியாளராக வந்த இந்த இருபது மாதங்களில் அந்த விடுமுறைகளில் ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை. பொங்கலன்று பாண்டிருப்பில் ஒரு நோயாளியின் வீட்டில் சாப்பிட்டேன்; மறுநாள் மட்டக்களப்பு வாவி. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாள் திருகோணமலை. பௌத்தர்களின் வெசாக்குக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம். பார்க்க வேண்டிய இடங்களை வந்த வாரமே ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது அதில் அடிக்கப்படாமல் நின்றது ஒன்றுதான்: லகுகல குளம், காட்டு யானைகள்.

பெருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் குடியிருப்பது சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரி பாயிஸா, வயது நாற்பத்திரண்டு. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்து எழுப்பிய வீடு இது. பதினொரு வருடத்தில் மூன்று முறைதான் ஊருக்கு வந்திருக்கிறாள். பெருநாளுக்கு வந்தது இதுவே முதல் தடவை. வருகிற சனிக்கிழமை மறுபடி விமானம்.

கடற்கரைத் திடலில் தொழுதுவிட்டு எல்லாரும் திரும்ப எட்டு மணி ஆயிற்று. எட்டேகாலுக்குப் பாயிஸாவின் மகள் சஹ்லா மூடிய தட்டுடன் மாடிக்கு வந்தாள். பத்தொன்பது வயது, பெண்கள் அரபுக் கல்லூரியில் படிக்கிறாள், பேச்சில் சிக்கனம். தட்டில் இடியப்பம், கோழிக்கறி, நடுவில் வட்டிலாப்பம். தேங்காய்ப்பால், முட்டை, கித்துல் கருப்பட்டி மூன்றையும் கலந்து, ஏலக்காய் போட்டு அவித்தெடுக்கும் இனிப்பு அது. எங்கள் ஊரில் பெருநாள் என்றால் பிரியாணி முன்னால் நிற்கும். இங்கே இனிப்பு முந்திக்கொள்கிறது. தட்டைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். அதைக் குறித்தும் வைத்தேன்.

மாலை நாலு மணிக்குக் பலியிட்ட குர்பான் இறைச்சியில் எனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டு பாயிஸாவே வந்தாள். மேசையில் நோட்டு திறந்திருந்தது.

“இது என்ன மிஸ், இவ்வளவு வடிவா கோடு போட்டு?”

“பார்க்க வேண்டிய இடங்கள். நாளைக்கு லகுகல போகிறேன், யானை பார்க்க.”

அவள் இறைச்சிப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “நானும் வாறன்.”

“இந்தப் பக்கத்துக்காரங்க நீங்க. நீங்க பார்க்காத யானையா?”

“எங்க கண்ட? என்ட வயசுக்கு ஒரே ஒரு யானையத்தான் கண்டிரிக்கன். அதும் குவைத்தில. பெருநாளைக்கு அவங்க புள்ளைகள மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போற. நான் தண்ணிப் போத்தலையும் பேக்கையும் தூக்கிட்டுப் பின்னால போற. அங்க ஒண்டு நிண்டிச்சி, பாவம், அந்த வெயில்ல.”

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். அவள் வளர்க்கும் அந்த வீட்டுப் பெண் குழந்தையின் பெயர் மர்யம். நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது கையில் வாங்கியது. “எங்கட வாசலுக்கு யானை வரும், குடத்தில தண்ணி குடிக்கும் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குச் சோறு தீத்தின. இப்ப பத்து வயசு. இந்தத் தரம் நான் வெளிக்கிடக்குள்ள, யானையோட நிண்டு படம் எடுத்துக்கிட்டு வா எண்டு சொல்லிப்போட்டாள்.”

வாசற்படியில் சஹ்லா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். “நெட்டில ஆயிரம் யானை கிடக்கும்மா. ஒண்ட எடுத்து அனுப்புங்களன்.”

“அதில நான் நிப்பனா புள்ள?”

“குவைத்துப் புள்ளைக்கு யானைக் கதை. எனக்கு வந்தது சொக்லட் பெட்டி,” என்று சொல்லிவிட்டுச் சஹ்லா படியிறங்கிப் போனாள்.

பாயிஸா இறைச்சிப் பையின் முடிச்சை இறுக்கினாள். “மிஸ், எல்லார்க்கிட்டயும் மாப்புக் கேட்டுப்போட்டுத்தான் நான் பிளேன் ஏறணும். ஒரு புள்ளைக்கிட்டப் பொய்ய வெச்சிக்கிட்டு எப்பிடி ஏற? அந்த யானைய நான் கண்டே ஆகணும்.”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வேன் ஓட்டியவர் பாயிஸாவின் கணவருடைய தம்பி றிபாஸ். கணவர் வீட்டில் தங்கிவிட்டார். பெருநாளுக்கு வருகிறவர்களுக்கு யாராவது வட்டிலாப்பம் கொடுக்க வேண்டுமே. சஹ்லா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்து கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொத்துவிலுக்கு ஒன்பது மணி, அங்கிருந்து உள்ளே திரும்பி லகுகலவுக்குப் பத்து மணிக்கு முன்னால், என்று என் தாளில் இருந்தது.

“மிஸ், நிந்தவூர்ல மட்டும் ரெண்டு நிமிசம்,” என்றாள் பாயிஸா. “எங்கட பெரியும்மாக்குப் பயணம் சொல்லணும்.”

பயணம் சொல்வது இங்கே ஒரு கடமை. எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போனால் உறவினர்கள் அவர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து அனுப்புவார்கள். இங்கே போகிறவர்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, “என்னில ஏதும் பிழை இருந்தா மாப்புத் தாங்க” என்று கேட்க வேண்டும். “அல்லாவுக்காக மாப்பு” என்று அவர்கள் சொன்ன பிறகே எழும்பலாம். சொல்லாமல் போனவர் போன இடத்தில் இறந்துவிட்டால் அந்தப் பாரம் இருவர் மேலும் நிற்கும் என்று பாயிஸா உறுதியாக நம்புகிறாள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவள் ஒரு பிழை செய்திருந்தாள். மரியாதைக்காகப் பெரியம்மாவுக்கு முதல்நாளே ஃபோன் போட்டு, பொத்துவில் பக்கம் போகிற வழியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த அம்மாள், சாய்ந்தமருதுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் உள்ள அத்தனை சொந்தக்காரருக்கும் அதை அறிவித்துவிட்டார்.

நிந்தவூரில் மூன்று வீடு. மூன்றிலும் மேசை விரித்து வைத்திருந்தார்கள். “இந்தியா மிஸ், ஒரு துண்டு மட்டும்,” என்று முதல் வீட்டில் சொன்னார்கள். இரண்டாம் வீட்டில், “அங்க தின்டிட்டு எங்கட வீட்டில தின்னாட்டி நாங்க என்ன நினைக்கிற?” மூன்றாம் வீட்டில் கேட்கவே இல்லை, தட்டைக் கையில் வைத்துவிட்டார்கள். ஒலுவிலில் ஒரு வீடு. அங்கே வட்டிலாப்பத்தோடு ஆட்டிறைச்சியும் ரொட்டியும். மணி பதினொன்று ஐம்பது. நாங்கள் வந்திருந்தது பாதி வழிகூட இல்லை.

பாலமுனையில் இரண்டு வீடு. இரண்டாவது வீட்டில்தான் பெரிய தடங்கல். பாயிஸாவின் சின்னம்மா மகள் ஹிதாயா கையைக் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை.

“மாப்புத் தாவன்,” என்றாள் பாயிஸா.

“தர ஏலா.”

“என்ன பகிடியா?”

“என்ட கலியாணத்துக்கு நீ ஒரு கோல் எடுத்தியா? ஏழு வருசம். அந்தா தொங்குது படம், எல்லாரும் நிக்காங்க. உன்ட குரல்கூட அதில இல்ல.”

“மடச்சி, படத்தில குரல் எப்பிடி இரிக்கும்?”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள், ஹிதாயாவைத் தவிர. பாயிஸா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் குவைத்து வீட்டில் விருந்து, ஃபோனை எசமானி வாங்கி வைத்திருந்தாள், இரவு தந்தபோது இங்கே எல்லாரும் தூங்கியிருப்பார்கள் என்று எடுக்கவில்லை, மறுநாள் எடுக்க வெட்கமாகிவிட்டது. இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம். அழுகை அரை மணி நேரம். மாப்புக் கிடைத்ததும், அதைக் கொண்டாட இன்னொரு வட்டிலாப்பம் வெட்டினார்கள். அதை நான் தனியாக எண்ணவில்லை. வீட்டுக்கு ஒன்று என்பதே என் கணக்கு.

அட்டாளைச்சேனையில் இரண்டு வீடு, அக்கரைப்பற்றில் ஒன்று. அந்தக் கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது நாலு ஐம்பது.

“இனிப் போனால் எத்தனை மணிக்குச் சேருவோம்?” என்று றிபாஸைக் கேட்டேன்.

“மஃரிபுத் தொழுகை நேரத்துக்குச் சேரலாம். ஆனா போற இல்ல, மிஸ். பொழுதுபட்டா யானை ரோட்டுலதான் நிக்கும். மறுகா நாம அதப் பாக்கிற இல்ல. அதுதான் நம்மளப் பாக்கும்.”

வண்டியைத் திருப்பினார். காரைதீவு தாண்டும்போது பின்வரிசையிலிருந்து சஹ்லாவின் குரல் வந்தது. “வட்டிலாப்பம் ஒன்பது. யானை பூச்சியம்.” பாயிஸா திரும்பிப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்தாள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சூடாக முகத்தில் அடித்தது.

செவ்வாய்க்கிழமை நான் பாலில்லாத வெறும் பிளேன்டீயில் இருந்தேன். சாலை வரைபடத்தை விரித்துவைத்து யோசித்தேன். நடந்ததில் ஒரு நன்மையும் இருந்தது: பயணம் சொல்ல வேண்டிய ஒன்பது வீடும் முடிந்துவிட்டன. புதன்கிழமை அதே சாலையில் நிற்காமல் போகலாம். கீழே போய்ச் சொன்னேன்.

பாயிஸா தலையை ஆட்டினாள். “ஏலா மிஸ். திங்கக்கிழமை கையப் பிடிச்சி அழுதுபோட்டு, புதன்கிழமை வேன்ல சிரிச்சிட்டுப் போனா என்ன நினைப்பாங்க? ஹிதாயா வாசல்லயே நிப்பாள். தந்த மாப்பத் திருப்பி எடுத்துருவாள்.”

“நின்றால்?”

“நிண்டா வட்டிலாப்பம்.”

மாடிக்குத் திரும்பி வரைபடத்தை மறுபடி பார்த்தேன். கடலோரம் விட்டு உள்ளே, வயல் வழியாக அம்பாறைக்குப் போய், சியம்பலாண்டுவ சுற்றி, லகுகலவை மறுபக்கத்திலிருந்து தொடலாம். தூரம் கூடுதல். ஆனால் அந்தப் பக்கம் சிங்கள ஊர்கள். பாயிஸாவுக்குச் சொந்தம் இருக்க நியாயமில்லை. மறுபடி கீழே போனேன்.

“அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “வரிப்பத்தான்சேனையில இவர்ட மாமா.”

“பயணம் சொல்லியாச்சா?”

“இல்ல.”

“ஒரு வீடு. சரி. அவருக்கும் ஃபோன் போடக் கூடாது. யாருக்குமே போடக் கூடாது.”

அவள் சிரித்துக்கொண்டே தன் ஃபோனை என் கையில் கொடுத்தாள். “நீங்களே வெச்சிருங்க. என்ட கை சும்மா இரிக்காது.”

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். கணவர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். வரிப்பத்தான்சேனையில் மாமா வீட்டில் இல்லை; வயலில் மண்வெட்டியோடு வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார். பாயிஸா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து போனாள். அவர் சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, “மாப்பு, மாப்பு. கெதியாப் போங்க, வெயில் ஏறப் போகுது,” என்றார். ஒரு சட்டி எருமைத் தயிரை வேனில் ஏற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கப் போய்விட்டார். பதினொரு நிமிடம். அவர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

சியம்பலாண்டுவ தாண்டிச் சிறிது தூரத்தில் பின் டயரில் காற்றுப் போயிற்று. ஸ்பெயர் டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. முந்தின நாள் நான் தண்ணீர், மருந்து, குடை எல்லாம் சரிபார்த்திருந்தேன். டயரைச் சரிபார்க்கவில்லை. என் பிழை. றிபாஸ் வழியில் வந்த உழவு இயந்திரம் ஒன்றில் டயரோடு ஏறிப் போனார். பத்து ஐந்திலிருந்து நாங்கள் மூன்று பெண்கள் சாலையோரத்தில்.

கொஞ்சம் தள்ளி ஓலைக் கூரையின் கீழ் ஒரு பெண் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். சிங்களத்தில் ஏதோ கேட்டாள். எங்கள் மூவருக்கும் சிங்களம் சரியாக வராது. பாயிஸா சைகையால் டயரைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், பிறகு சலிப்பில் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பதிலுக்கு அவளும் அதே மொழியில் பேசினாள்.

“அரபு!” என்றாள் சஹ்லா. “மிஸ், அவங்களும் குவைத்தில இருந்தவங்களாம்.”

ஒரே நாட்டுப் பெண்கள் இருவர், தங்கள் நாட்டின் நடுச்சாலையில், அரபியில் கதைத்தார்கள். சோளத்துக்குப் பதில் தயிர் போயிற்று. எனக்காகச் சஹ்லா அவ்வப்போது தமிழில் சொன்னாள். “இது எங்கட பாடக் கிதாப்ல இல்லாத அரபு, மிஸ். குசினி அரபு, அடுப்படியில கேட்டுப் பழகினது. பாதி திட்டுறதுக்கு உள்ள சொல்லு.” யானைகள் மூன்று மணிக்குப் பிறகுதான் தண்ணிக்கு இறங்கும், சத்தம் போடாமல் அணைக்கட்டில் நின்று பாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். கதவைப் பூட்டிவைத்த எசமானியைப் பற்றி, ஊருக்கு அனுப்பிய சாமானைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்தச் சோளக்காரியின் குரல் தாழ்ந்தது. சஹ்லாவும் குரலைத் தாழ்த்தினாள். “எட்டு வருசம் கழிச்சித் திரும்பி வரக்குள்ள, சின்ன மகன் வாசல்ல நிண்டு ‘இது ஆரு’ எண்டு கேட்டானாம்.”

பாயிஸா கையிலிருந்த சோளத்தில் ஒவ்வொரு மணியாகக் கழற்றினாள். பிறகு, கழற்றிய மணிகளை மகளின் பக்கம் நீட்டினாள். சஹ்லா எடுத்துக்கொண்டாள்.

றிபாஸ் பன்னிரண்டே காலுக்கு வந்தார். வழியில் சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு ஐம்பதுக்கு லகுகல சேர்ந்தோம்.

குளம் என்றவுடன் எங்கள் ஊர்க் குளத்தை நினைத்திருந்தேன். இது தண்ணீரைவிடப் புல் அதிகமான குளம். ஆள் உயரப் புல், நடுநடுவே வெள்ளித் தகடு போல் தண்ணீர், அப்பால் காடு. அணைக்கட்டில் எங்களைத் தவிர ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும். மூன்று முப்பத்தைந்துக்குக் காட்டின் ஓரம் அசைந்தது. முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு ஏழு. இரண்டு குட்டிகள், தாய்களின் வயிற்றோடு ஒட்டி. புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, வாயில் போட்டன. என் அறுபது நோயாளிகளின் நடையையும் அளந்தவள் நான். அவ்வளவு பாரம் அவ்வளவு ஓசையில்லாமல் நடப்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

பாயிஸா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். “அல்லாஹ்,” என்றாள்.

ஃபோனைப் பாயிஸாவிடம் திருப்பிக் கொடுத்தேன். சஹ்லா அதில் படம் எடுக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. தூரம் அதிகம். ஃபோனில் பாயிஸா பெரிதாக நின்றாள், யானைகள் மிளகளவு. வலப்பக்கம் நகர்ந்து பார்த்தோம், கல்லில் ஏறிப் பார்த்தோம். “இத அனுப்பினா எருமை எண்டுதான் நினைப்பாள்,” என்றாள் சஹ்லா. இந்த முறை அவள் கேலி செய்யவில்லை; நெற்றியைச் சுருக்கி மறுபடியும் மறுபடியும் எடுத்தாள்.

பதினான்காவது படத்தில் பாயிஸா கையை உயர்த்தினாள். “போதும். எடுக்காத. கோல் எடு. அவளுக்கு நேர சொல்றன்.”

அணைக்கட்டின் மேட்டில் மட்டும் ஃபோனுக்குச் சமிக்ஞை இருந்தது. குவைத்தில் அப்போது மதியம் ஒன்றரை மணி, அங்கும் பெருநாள் விடுமுறை. வீடியோவில் ஒரு சிறுமியின் முகம் வந்தது, ஈரத் தலையோடு. கீச்சென்று கத்தினாள். பாயிஸா அரபியில் பேசத் தொடங்கினாள். சஹ்லா அவள் தோளருகே நின்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“‘நீ கறுத்துப் போயிட்டாய்’ எண்டு சொல்றாள், மிஸ்... உம்மா யானையக் காட்டுறா... ‘எங்க, எங்க’ண்டு கேக்கிறாள்... கண்டுட்டாள்.” பிறகு சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். “உம்மா சொல்றா: ‘மர்யம், எனக்கு மாப்புத் தரணும். எங்கட வாசலுக்கு யானை வாற இல்ல. அது நான் கட்டின பொய். இண்டைக்குத்தான் நானே முதல் தரம் காண்றன்.’”

ஃபோனில் முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தக் குழந்தை மெதுவாக ஒன்று கேட்டது.

“‘அப்ப அந்தக் குட்டியும் பொய்யா?’ எண்டு கேக்கிறாள்.” சஹ்லா தன் தாயைப் பார்த்தாள். “தாய் யானை தூரத்துக்கு இரை தேடப் போனா, தண்ணிக்குப் பக்கத்தில தனிய நிண்டு வழி பாத்துக்கிட்டே நிக்குமாம் ஒரு குட்டி. ஒவ்வொரு நாளும் அந்தக் குட்டிட கதை கேட்டுத்தான் தூங்குறாளாம். அதும் பொய்யா எண்டு...”

பாயிஸா யானைகளின் பக்கமிருந்து ஃபோனைத் திருப்பினாள். அது சஹ்லாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. பாயிஸா அரபியில் ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம்.

சஹ்லா மொழிபெயர்க்கவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அது பொய்யில்லயாம்.” அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “‘இந்தா நிக்கிறாள்’ எண்டு சொல்றா.”

ஃபோனிலிருந்து அந்தக் குழந்தை ஸலாம் சொன்னது. சஹ்லா இரண்டு கையையும் அபாயாவில் துடைத்தாள், தாயிடமிருந்து ஃபோனை வாங்கினாள், பதில் ஸலாம் சொன்னாள். அணைக்கட்டில் நாலு அடி தள்ளிப் போய் நின்று பேசத் தொடங்கினாள். முதலில் கிதாபு அரபு, பிறகு எதையோ கேட்டுச் சிரித்தாள், பிறகு வேகமாக. பாயிஸா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லை.